தீர்த்தமாடப் போவதாகச் சொன்னோம்

என் கணவர் புளியறை செக்போஸ்ட்டில் ஏட்டாக இருந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், கையில் இருக்கும் பையைத்தான் முதலில் பார்ப்பார். பை எவ்வளவு தொங்குகிறது, தூக்கி வருகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்பார். எழுபதுகள் முடியப்போகிற நேரம் அது. எங்கள் பக்கத்து அரிசி கேரளாவுக்குக் கடத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. வைக்கோல் லாரி வந்தாலும் வாழைத்தார் லாரி வந்தாலும் அவர் டிரைவரிடம் ஒன்றும் கேட்கமாட்டாராம். குனிந்து, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில் பட்டைகள் எவ்வளவு அமுங்கியிருக்கின்றன என்று பார்ப்பாராம். "வைக்கோலு இப்படிக் கனக்காதே" என்று மட்டும் சொல்வாராம். டிரைவர் தானாகவே இறங்கி நின்றுவிடுவானாம். புளியறையில் பரோட்டாக் கடை வைத்திருந்தவர் என்னிடம் சொன்னது இது.

அந்தக் கண்ணை அவர் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். பால்காரர் செம்பைச் சாய்த்துப் பார்ப்பார். என் அண்ணன் எழுதும் கடிதத்தில் "மற்றவை நேரில்" என்று இருந்தால், மற்றவை என்றால் என்ன என்று இரண்டு நாள் கேட்பார். அவரோடு ஆறு வருஷம் குடித்தனம் பண்ணியதில் எனக்கும் அந்தப் புத்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்பதை அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் குத்துக்கல்வலசையில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சனிக்கிழமை தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் பெயருக்கு வந்தது. கையெழுத்தில்லை. "காற்று இன்னும் விழவில்லை. பொறுக்கவும். சாமான் எல்லாம் மச்சானிடம் தயார். ரெண்டு பேருக்கு மேல் வேண்டாம். யூனிஃபாரம் கண்டிப்பாக வேண்டாம்." இவ்வளவுதான். தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ராமேஸ்வரம் என்று இருந்தது.

ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கிருந்து தோணியில் என்னென்னவோ வருகிறது என்று பேப்பரில் படித்திருக்கிறேன். இங்கே இவர் மலையடிவாரத்தில் லாரியை மறிக்கிறவர். அங்கே எவனோ இவருக்குச் சாமான் தயார் என்று எழுதுகிறான். கார்டை அவருடைய மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் எடுப்பதைச் சமையல் கட்டிலிருந்து பார்த்தேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கார்டு கவிழ்ந்திருந்ததை அவர் கவனிக்காதது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. மனசு வேறெங்கோ இருந்தால்தான் அவர் அதைக் கவனிக்கத் தவறுவார்.

அதற்குப் பிறகு இரண்டு கார்டு வந்தது. ஒன்றில் "தை கழியட்டும்" என்று இருந்தது. இன்னொன்றில் "சித்திரையில் வரலாம், யாரிடமும் மூச்சுவிட வேண்டாம்" என்று இருந்தது. நான் அவருடைய சட்டைப் பைகளைத் துழாவ ஆரம்பித்தேன். துவைக்கப் போடும்போது எந்தப் பெண்டாட்டியும் செய்கிற வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் அவர் டியூட்டிக்குப் போயிருந்தபோது கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய தொப்பிக்குக் கீழே தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் நைலான் நரம்பு, சுற்றுச் சுற்றாக. நாலு ஈயக் குண்டு. என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஏழெட்டுத் தூண்டில் முள்.

அதைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு திருடனைப் பிடித்த மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன், பிடிபட்டவன் மாதிரி அவர் நின்றார்.

"மீன் பிடிக்கத்தான்" என்றார்.

"சித்தாத்துக் கெண்டைக்கா இம்புட்டுப் பெரிய முள்ளு?"

"கடல் மீனுக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரு ஓய்வு நாளில் குளத்தங்கரையில் போய்த் தூண்டில் போட்டுக்கொண்டு உட்காருவார். கெண்டையோ கெளுத்தியோ வரும். எப்போதாவது ஒரு விரால். அதுதான் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம். முந்தின ஆடியில் குற்றாலம் சீசனுக்கு அவரை ஐந்தருவியில் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்தார்கள். அங்கே ராமேஸ்வரத்திலிருந்து வந்து கடை போட்டிருந்த ஒருவனோடு பழக்கமாகியிருக்கிறது. சங்கு, சோழி, சிப்பி கோத்த திரை, சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டம் விற்கிறவன். முதல் வாரம் அவனுடைய சாக்குகளில் என் கணவர் இரண்டு தடவை கைவிட்டுத் துழாவியிருக்கிறார். அவன் கோபப்படாமல், "நல்லாத் தேடுங்க ஏட்டையா, முத்து கெடைச்சா ஆளுக்குப் பாதி" என்றானாம். சாரலில் நனைந்துகொண்டு அவன் கடைத் தார்ப்பாய்க்குள் ஒதுங்கிய நாட்களில் அவன் கடல் மீன்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். நரம்பைக் கையால் பிடித்தால் விரலை அறுத்துவிடும், தூக்க ரெண்டு பேர் வேண்டும் என்றெல்லாம். என் மச்சானிடம் வள்ளம் இருக்கிறது, ஒருநாள் வாங்க, காசு ஒன்றும் வேண்டாம் என்று கூப்பிட்டிருக்கிறான்.

"காசு வேண்டாம்னு சொல்லுதவன நீங்க நம்புனியளா?" என்று கேட்டேன்.

"நம்பல" என்றார். "இப்பவும் நம்பல. ஆனா போணும்போல இருக்கு."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அப்படியானால் எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கையில்லை என்றேன். முழுப்பரீட்சை லீவில் போவதாக முடிவாயிற்று.

வீட்டில் என்ன சொல்வது என்பதில் ஒரு சங்கடமும் இல்லை. பிள்ளையில்லாத தம்பதி ராமேஸ்வரம் போகிறோம் என்றால் யார்தான் ஏன் என்று கேட்பார்கள்? சேதுவில் தீர்த்தமாடப் போகிறோம் என்று சொன்னதும் என் மாமியார் கண்கலங்கிவிட்டார். ஒரு பாட்டில் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பையிலேயே துணிகளுக்கடியில் தூண்டில் முள்ளை வைத்துக் கட்டினேன். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் வைத்தேன்.

மதுரை வரை பஸ். அங்கிருந்து ரயில். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது எல்லோரும் கடலைக் கும்பிட்டுக் காசு போட்டார்கள். என் கணவர் ஜன்னலில் முகத்தை வைத்துக் கீழே நின்ற வள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

சங்கு விற்கிறவன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். முப்பது வயது இருக்கும். சிரித்த முகம். "வாங்கக்கா" என்று என் பையை வாங்கினான். ஆனால் பேசும்போதெல்லாம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டான். குற்றாலத்தில் இவன் இப்படி இல்லை, என்னமோ இருக்கிறது என்று என் கணவர் முணுமுணுத்தார். எங்களைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கவைத்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். மச்சான் என்பவர் ஐம்பது வயதுக்காரர். நெட்டையான ஆள். என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். முக்கியமாகக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்த முடியைப் பார்த்தார். காற்று சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் பாய்மரத்துக் கயிறு இற்றுப்போய்விட்டது என்றார். அதற்கு மறுநாள் கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்றார். மற்ற வள்ளங்கள் எல்லாம் போய் வந்துகொண்டுதான் இருந்தன. வேறு ஆளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நாங்கள் கரையில் நடந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தன் வள்ளத்தில் ஓட்டை என்றார். இன்னொருவர் கேட்காத மாதிரி எழுந்து போனார். டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சு காலியானது.

"எல்லாவனும் ஒண்ணா மறைக்கானுவ" என்றார் என் கணவர். அவர் முகம் புளியறையில் இருக்கும் முகமாக ஆகியிருந்தது. "அந்த வள்ளத்துல என்னமோ இருக்கு. அதான் நம்மள ஏத்த மாட்டேங்குதான்."

கரையில் இழுத்துப் போட்டிருந்த மச்சானின் வள்ளத்தைச் சுற்றி வந்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது குனிந்து, விரல் முட்டியால் பலகையைத் தட்டினார். ஒரு அடி தள்ளி மறுபடி தட்டினார். லாரியில் கள்ள அறை இருக்கிறதா என்று தட்டுகிற தட்டு அது. நிமிர்ந்தால் பத்துப் பதினைந்து பேர் குடிசைகளின் முன்னால் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இவரைச் சுங்க ஆபீசிலிருந்து வேவு பார்க்க வந்த ஆள் என்று முடிவே பண்ணிவிட்டார்கள். சங்கு விற்கிறவன் பக்கவாட்டில் பார்த்ததும் அதனால்தான். ஊரார் அவனை என்ன கேட்டார்களோ.

அன்று மத்தியானம் அவர் சத்திரத்தில் படுத்திருந்தபோது நான் தனியாக மச்சானின் குடிசைக்குப் போனேன். அவருடைய மனைவி மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை. நான் மணலிலேயே உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் போலீஸ்தான், அதை மறைக்கவில்லை என்றேன். அவர் பார்ப்பது அரிசி லாரி, இருப்பது மலையடிவாரம், இந்தக் கடலுக்கும் அவருக்கும் ஒரு பாத்தியதையும் இல்லை என்றேன். விராலுக்கு மேலே ஒரு மீனைப் பிடித்ததில்லை, அந்த ஆசைக்கு வந்திருக்கிறார் என்றேன். அவள் கத்தியை நிறுத்தவே இல்லை. பிள்ளைங்க எத்தனை என்று மட்டும் கேட்டாள்.

யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். திருநெல்வேலியில் டாக்டரம்மாவிடம் போனது, இரண்டு தடவை தங்காமல் போனது, வீட்டில் தீர்த்தமாட என்று சொல்லிவிட்டு வந்தது எல்லாவற்றையும். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போங்கம்மா, நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள்.

சாயங்காலமே சங்கு விற்கிறவன் வந்துவிட்டான். நாளை விடியக் கிளம்பலாம், ஆனால் மச்சான் ஒரு கண்டிஷன் போடுகிறார் என்றான்.

"அக்காவும் வள்ளத்துல வரணும்."

பொம்பளைகளை ஏற்றமாட்டீர்களே என்று என் கணவர் கேட்டார். வேவு பார்க்க வருகிறவன் பெண்டாட்டியைக் கூட்டி வரமாட்டான் இல்லையா, அதற்குத்தான் என்றான் அவன். அந்தப் பதில் எங்களுக்குச் சரியாகப் பட்டது. என்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிழக்கு வெளுக்கும்போது கிளம்பினோம். மச்சான் சுக்கானைப் பிடித்தார், சங்கு விற்கிறவன் பாயைக் கவனித்தான். எனக்குக் குற்றாலத்துத் தண்ணீர்தான் பழக்கம், தலையில் விழுந்து ஓடிவிடும். இந்தத் தண்ணீர் கீழேயிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. கரை மறைவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டேன். என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாறை இருக்கும் இடம் என்று ஓரிடத்தில் நங்கூரம் போட்டார்கள். என் கணவர் இரைக்குக் கணவாய் மீன் துண்டைக் கோத்து, ஈயத்தைக் கட்டி, நரம்பை இறக்கினார். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நரம்பு அவர் விரலை இழுத்துக்கொண்டு போனது. விடக்கூடாது, இழுக்கவும் கூடாது என்று மச்சான் சொல்லச் சொல்ல, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்து வாங்கினார். கை வெட்டுப்பட்டு ரத்தம் நரம்பில் இறங்கியது. கடைசியில் மேலே வந்தது ஒரு களவா மீன். பழுப்பு நிறம், மேலெல்லாம் புள்ளி, வாய் பெரிய பெட்டி மாதிரி. தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லை. கல்யாணமான அன்றுகூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியதும் ஒரு மணல் திட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாலு பக்கமும் கடல், நடுவில் ஒரு மைதானம் அளவு மணல். ஒரு மரம் கிடையாது. நீங்கள் இறங்கிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருங்கள், பக்கத்தில் ஒரு வலை போட்டிருக்கிறது, எடுத்துவிட்டு வருகிறோம் என்றார் மச்சான். எங்களை இறக்கிவிட்டு இருவரும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாய் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போனது.

என் சேலை முந்தானையை விரித்துப் பிடித்து அந்த நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். மீனை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். முதலில் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வள்ளம் போன திசையையே பார்க்க ஆரம்பித்தார்.

"வலைன்னா மிதவை தெரியணும்" என்றார். "ஒண்ணும் தெரியல."

அரைக் கலயம் தண்ணீர்தான் இருந்தது. எங்களை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டால் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை, ஆனால் இருவரும் அதைத்தான் நினைத்தோம். நாங்கள் கோயிலில் இருப்பதாக அல்லவா ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் எழுந்து திட்டின் ஓரமாக நடந்தார், வந்தார், மறுபடி நடந்தார். நான் மனசுக்குள் சங்கு விற்கிறவனின் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று யோசித்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் பாய் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் நின்றேன். என் கணவர் அசையாமல் நின்று வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளத்தின் நடுவில் ஈர வலை குவிந்து கிடந்தது. அதில் மீன் அதிகம் இல்லை. "கட்டை மேல உக்காருங்க ஏட்டையா" என்று வலைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் காட்டினான் சங்கு விற்கிறவன்.

கரைக்குப் பாதி தூரம் வந்திருப்போம், ஒரு மோட்டார் லாஞ்சு வந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் மூன்று பேர். வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்து, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மச்சான் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

"பிள்ளையில்லாதவுக சார். தென்காசிப் பக்கம். திட்டுல தீர்த்தமாடணும்னு நேர்ச்சை, கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாந்தி எடுத்த முகம், கலைந்த தலை, கழுத்தில் மஞ்சள் கயிறு. ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருவர், "அம்மாவைப் பத்திரமாக் கொண்டு சேருப்பா" என்றார். லாஞ்சு போய்விட்டது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மணலில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் நான் சொன்னதை எடுத்துக் கடலில் வைத்துக் காட்டிவிட்டார்கள். எனக்கு நம்பிக்கையால் கிடைத்த இடம் என்று நினைத்தேனே, அது எதற்கு என்று அப்போது புரிந்தது. அதே நேரம் இன்னொன்றும் புரிந்தது. வெயில் பட்டு வலை காயக் காய, அதற்குக் கீழேயிருந்து ஒரு வாசனை எழுந்துகொண்டிருந்தது. பல்வலிக்கு வைத்துக் கடிப்போமே, அந்தக் கிராம்பு வாசனை. ஒரு கிராம்பு இரண்டு கிராம்பின் வாசனை இல்லை, இலங்கைத் தோணியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கினால் வருகிற வாசனை. காற்று என் பக்கம் வீசியது. என் கணவர் எதிர்ப்பக்கம் இருந்தார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சளி மூக்கு, எதுவும் சரியாகப் பிடிபடாது. நான் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பின கரைக்கு எங்களைக் கொண்டுபோகவில்லை. தனுஷ்கோடிப் பக்கம், இடிந்துபோன கட்டடங்களுக்கு நேரே இறக்கிவிட்டார்கள். இங்கேயிருந்து மணலில் ஓடும் ஜீப் ஊருக்குப் போகும் என்றார்கள்.

"சேதுவுல ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போங்கக்கா. வீட்டுல சொல்லிட்டு வந்தது பொய்யில்லாமப் போயிரும்" என்றான் சங்கு விற்கிறவன். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முழுக்குப் போட்டோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். சத்திரத்துக்கு மீனைக் கொண்டுபோக முடியாது. அங்கே ஓலைக் குடிசையில் டீ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் கொடுத்தோம். அவள் அதை வெட்டிக் குழம்பு வைத்து எங்களுக்கும் சோறு போட்டாள். என் கணவர் வெட்டுப்பட்ட கையால் சாப்பிடமுடியாமல், நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்புகிற ரயிலில், மானாமதுரை தாண்டின பிறகுதான் பேசினார்.

"அந்த வள்ளத்துல வெளிப்பக்கம் ஒரு பச்சைக் கோடு உண்டு, பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காலைல கோடு தண்ணிக்கு ஒரு சாண் மேல இருந்துச்சு. திட்டுக்குத் திரும்பி வரும்போது தண்ணி கோட்டை நக்கிட்டு இருந்துச்சு. அம்புட்டு மீனும் இல்ல."

"அப்பவே தெரியுமா?"

"ஏறும்போதே தெரியும்."

லாஞ்சு வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் ஏட்டு என்று சொல்லியிருந்தால் பலகையைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள், உன்னையும் அந்த வெயிலில் ஆபீசில் உட்காரவைத்திருப்பார்கள் என்றார். பிறகு, பலகைக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாதே, தண்ணீர் மட்டத்தை வைத்து என்ன சொல்வது என்றார். இரண்டு பதிலையும் அவரே நம்பவில்லை என்று தெரிந்தது. லாரிப் பட்டையை வைத்து எத்தனை பேரை இறக்கியவர் அவர். அன்றைக்கு அவர் மடியில் மீன் இருந்தது, அதனால்தான் பேசவில்லை என்று நான் நினைத்தேன்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் அவர் ஒரு இன்லண்ட் கவரை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுங்க ஆபீசுக்கு எழுதலாமா என்று என்னிடம் கேட்டார். கையில் ஒரு தடயம்கூட இல்லாமல் எப்படி எழுதுவது என்று அவரே புலம்பினார். கிராம்பு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். மச்சானின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. அது உண்மையா நடிப்பா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். கவர் காலியாகவே கிடந்து, பிறகு என் அண்ணனுக்குப் பொங்கல் கடிதம் எழுத உதவியது.

அந்த வருஷம் சீசனுக்கு என் கணவரை வேறு இடத்தில் போட்டார்கள். பள்ளிக்கூட டீச்சர்களோடு நான் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். அதே தார்ப்பாய், அதே சிப்பித் திரைகள். அவன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். ஏட்டையா சௌக்கியமா, கை ஆறிவிட்டதா என்று விசாரித்தான். மற்ற டீச்சர்கள் அருவிப் பக்கம் நடந்த பிறகு நான் கேட்டேன்.

"அன்னைக்கு வலைக்கு அடியில என்ன இருந்துச்சு?"

அவன் கண் ஒரு நொடி பக்கவாட்டில் போய் வந்தது. "கருவாடுக்கா. திட்டுல எங்க ஆளுக காயப்போட்டது" என்றான்.

கருவாடு என்றால் நாற்றத்திலேயே ஊருக்குத் தெரியுமே, எனக்குத் தெரியாதா. எனக்கு ஒரு வலம்புரிச் சங்கு எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போனேன். தலையில் விழுந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தபோது அவர் சீக்கிரமே வந்திருந்தார். அருவியில் கூட்டமா என்று கேட்டார். கூட்டம்தான் என்றேன். தட்டை எடுத்து வைத்தேன்.

"அந்தச் சங்குக்காரன் கடை போட்டிருக்கானா?" என்றார்.

"பாக்கல" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.